நாயின் தோல் புண்ணுக்கு மியூபிரோசின் ஆயின்மெண்ட்: சில வருடப் பயன்பாட்டில் கண்டது

எங்கள் வீட்டில் கருப்பன் என்ற கன்னி இன நாயும், சுந்தரி என்ற பூனையும் இருக்கின்றன. ஊர் கல்லிடைக்குறிச்சி. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் கருப்பனைக் கட்டிப் போட்டாலும் நிற்கமாட்டான். விழுந்து புரண்டு, சேற்றோடுதான் வீடு வருவான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவன் உடம்பு காய்வதே இல்லை. அந்தச் சமயம் பார்த்து வயிற்றடியிலும் தொடை இடுக்கிலும் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பும். உடைந்தபின் ஓரம் மட்டும் செதில் செதிலாக உரிந்து வட்டமாக நிற்கும். சில வருடங்களாக இது திரும்பத் திரும்ப வருகிறது. புண் நாலைந்து இடத்தோடு நின்றால் டாக்டரம்மா எழுதிக் கொடுப்பது மியூபிரோசின் 2% ஆயின்மெண்ட்.

முதலில் என் தீர்ப்பு: மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அது குணமாக்குவது பாதி, மீதியைச் செய்வது தடவுவதற்கு முன்னும் பின்னும் நாம் பார்க்கும் வேலை.

அந்த வட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் படர்தாமரை நினைவுதான் வரும். மெடிக்கலில் கேட்டால் பூஞ்சைக் களிம்பு எடுத்து நீட்டுவார்கள். எதிர்வீட்டு ஆச்சி, “ஏல, மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைச்சுப் போடு, எல்லாம் சரியாயிரும்” என்பார். ஆச்சியின் கைவைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் மஞ்சள் பூசிய தோலில் சிவப்பு குறைந்ததா கூடியதா என்று எப்படிப் பார்ப்பது? மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு கண்ணாடித் தகட்டைப் புண்ணில் ஒற்றி, சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதினார். எங்கள் பக்கம் பெரிய பரிசோதனை எதுவும் வேண்டுமென்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவோம். நாய்களில் இந்தச் சீழ்ப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. ஆரோக்கியமான நாயின் தோலிலும் அது குடியிருக்கும். ஈரம், உண்ணி, ஒவ்வாமை என்று ஏதாவது தோலைக் கெடுத்தால் பெருகிவிடும். மியூபிரோசின் அந்தப் பாக்டீரியா புரதம் தயாரிப்பதைத் தடுக்கிறது. பூஞ்சைக்கும் சொறிப் பூச்சிக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

இனி தடவும் முறை. புண்ணைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிடுவேன். கன்னிக்குக் குட்டை முடி என்பதால் வேலை சுலபம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பொருக்கை ஊறவைத்து எடுப்பேன். பிய்த்து எடுக்கக் கூடாது. அப்புறம் சுத்தமான துணியால் ஒற்றி நன்றாகக் காயவிடுவேன். ஈரத்தின் மேல் களிம்பை அப்பினால் அடியில் இருக்கும் ஈரம் வெளியே வராமல் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பயறளவு எடுத்து, மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும். கூடுதலாக அப்புவதால் சீக்கிரம் ஆறாது. வீணாவதோடு நாய் நக்குவதற்கும் அதிகம் கிடைக்கும்.

நக்குவதுதான் பெரிய தலைவலி. தடவியபின் இருபது, முப்பது நிமிடமாவது நக்கவிடக் கூடாது. கழுத்தைச் சுற்றிப் போடும் அந்தக் கூம்புக் காலர் கருப்பனுக்கு ஜென்மப் பகை. கதவிலும் அண்டாவிலும் இடித்துக்கொண்டே திரிவான். அதனால் காலையில் களிம்பு போட்ட கையோடு நடக்கக் கூட்டிப் போய்விடுவேன். சாயங்காலம் களிம்பு போட்ட பிறகுதான் சோற்றுத் தட்டு வரும். இந்த ஏற்பாட்டில் காலருக்கு அநேகமாக வேலையே இல்லை.

நாலைந்து இடம் என்றால் ஆயின்மெண்ட் சரி. முதுகு, வயிறு என்று பரவிவிட்டால் டியூப் டியூபாகப் பிதுக்குவதில் அர்த்தமில்லை. அப்படி ஒரு மழைக்காலத்தில் டாக்டரம்மா குளோர்ஹெக்சிடின் ஷாம்புதான் எழுதிக் கொடுத்தார். நுரையைப் பத்து நிமிடம் தோலில் நிற்கவிட்டுப் பிறகு அலச வேண்டும். அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, நாயைவிட நமக்குத்தான் சோதனை.

பூனை விஷயம் வேறு. சுந்தரி நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொண்டிருப்பவள். நாய்க்குத் தந்ததை அவளுக்குத் தடவுவதே இல்லை. பல மியூபிரோசின் ஆயின்மெண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற அடிப்பொருளில் குழைத்தவை. பெரிய திறந்த புண்ணில் பூசினால் அந்த அடிப்பொருள் உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்துக்குச் சிரமம் தரலாம். நியோமைசின், பாலிமிக்சின் என்ற ஆன்டிபயாட்டிக்குகள் கலந்த கண் மருந்துகளால் பூனைகளுக்கு அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்ததாகவும் பதிவுகள் உண்டு. பூனைக்கு எதுவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த களிம்பு. போட்ட மறுநாளே சிவப்பு மங்கும், அரிப்பு அடங்கும்; பார்க்கிறவருக்கு அதிசயமாக இருக்கும். ஆனால் படர்தாமரையோ டெமோடெக்ஸ் என்ற பூச்சியால் வரும் சொறியோ இருந்தால் ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்டு வளர்க்கும். நக்கி உள்ளே போனால் நாய் தண்ணீர் தண்ணீராகக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அந்தக் கலவைக் களிம்பு எங்கள் வீட்டுக்குள் வராது. மனிதர்களின் சோரியாசிஸுக்குக் கொடுக்கும் கால்சிபோட்ரியால் களிம்பை நாய் தின்றால் உயிரே போகலாம். வீட்டில் யாராவது அதைப் பூசுகிறவர் இருந்தால் டியூபை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

புண் காய்ந்துவிட்டது என்று நாமாக நிறுத்துவதும், மிச்சமிருக்கும் டியூபை அடுத்த புண்ணுக்கு எடுத்துக்கொள்வதும் ஊர் வழக்கம். மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு மனித ஆஸ்பத்திரிகளிலும் மியூபிரோசின்தான் கைகொடுக்கிறது. அதை வீணாக்கிப் பாக்டீரியாவைப் பழக்கிவிடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்வார். அவர் சொன்ன நாள் வரை தடவுவோம். ஒரு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் திரும்பக் கொண்டு போய்க் காட்டுவோம். சீழ் ஆழத்திலிருந்து வடிந்தாலோ, புழு வைத்திருந்தாலோ, நாய் சோறு தின்னாமல் சுருண்டு படுத்தாலோ, ஆயின்மெண்டை நினைக்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

மாதாமாதம் உண்ணி மருந்து போடத் தொடங்கியதிலிருந்து கருப்பனுக்குப் புண் வருவது நன்றாகவே குறைந்திருக்கிறது. கால்வாய்க் குளியலை மட்டும் நிறுத்த முடியவில்லை. வந்ததும் பழைய வேட்டியால் வயிற்றடியையும் தொடை இடுக்கையும் துடைத்துவிடுகிறோம்.