சென்சார் பேஸ்பால் வாங்கலாமா?

திண்டுக்கல்லில் கல்லூரி அணிக்குப் பேஸ்பால் பயிற்சி கொடுக்கும் நண்பர் போன் செய்தார். "அண்ணே, அந்த சென்சார் பந்து விலை இறங்கியிருக்கு. வாங்கினா பசங்க ஸ்பின் ரேட் ஏறுமா?" உள்ளே சென்சார் வைத்த பந்து அது; எறிந்ததும் வேகத்தையும் ஸ்பின் ரேட்டையும், அதாவது பந்து எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும், போன் ஆப்பில் காட்டும். எங்களிடம் ஒன்று இருக்கிறது. அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பந்து நன்றாக உழைக்கிறது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் புழுதியிலும் மே மாத வெயிலிலும் தோல் மங்கியதே தவிர, உள்ளே சென்சார் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை.

எரிச்சலெல்லாம் அதன் ஆப் மேல்தான். ஒவ்வொரு எறிக்கும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண் திரையை அடைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. அதை மறைக்க வழியே இல்லை. எங்கள் இடது கை பிட்சர் (பந்து எறிபவன்) எறிந்த கையோடு போனைப் பார்க்க ஓடுகிறான். 120 கிலோமீட்டர் வேகம், 1,800 சுற்று. மறுபடியும் 1,800. "சார், எவ்வளவு முறுக்கினாலும் ஏற மாட்டேங்குது" என்று முகம் வாடிவிடுகிறான்.

எப்படி ஏறும்? முழு வேகத்தில் எறியும் ஃபாஸ்ட்பாலில் சுழற்சி பெரும்பாலும் வேகத்தோடு சேர்ந்தே ஏறும். சுற்றை வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் ஒரு பிட்சருக்கு லேசில் மாறாது. அமெரிக்க மேஜர் லீக்கில் சராசரி ஃபாஸ்ட்பால் 150 கி.மீ., சுமார் 2,300 சுற்று. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய இவனுடைய விகிதம்தான் வரும். அங்கே பலருக்கு அந்த விகிதம் சட்டென்று ஏறியதற்குக் காரணம் விரலில் தடவிய பசை. 2021 ஜூனில் நடுவர்கள் தொப்பி, பெல்ட், கிளவுஸ் என்று சோதிக்க ஆரம்பித்ததும் லீக் முழுக்க எண் இறங்கியது.

பயிற்சியில் நன்றாக மாறுவது பந்து சுழலும் அச்சு. இதை இந்தப் பந்து அருமையாகக் காட்டுகிறது. பையன் விரலைப் பக்கவாட்டில் வெட்டி விடுவான்; பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி திருகிக்கொண்டு போகும். அந்தச் சுழற்சி பந்தைத் தாங்காது. விரல்கள் நேர் பின்னால் நின்று தையலைக் கடைசிவரை இழுத்து விடும்படி பழக்கினோம். அதே 1,800தான். ஆனால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கீழே கிளவுஸை வைத்திருக்க, பந்து இறங்காமல் வந்து அதன் மேல் விளிம்பில் அடித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. (வளைந்து இறங்கும் கர்வ்பாலில் பிடியை மாற்றினால் எண்ணும் கொஞ்சம் ஏறுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இவ்வளவு நல்ல விஷயத்தை ஆப்பில் உள்பக்கம் எங்கோ தள்ளி வைத்துவிட்டு, பையன்களை வதைக்கும் எண்ணை முகப்பில் போட்டிருக்கிறார்கள். நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

அதனால் நண்பரிடம் சொல்லிவிட்டேன்: வாங்காதீங்க தம்பி, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பெட்டி நல்ல பந்து வாங்குங்க. ஒன்றில் விரல் இழுக்கும் திசையில் மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டு, போனில் ஸ்லோமோஷனில் எடுங்க. கோடு தள்ளாடாமல் நேராக நின்றால் அச்சு சரி. சென்சார் பந்தைப் பார்த்தே ஆகணும்னா ஒரு ஞாயிற்றுக்கிழமை பசங்களைக் கூட்டிக்கிட்டு மதுரைக்கு வாங்க, ஆசை தீர எறியட்டும். போன் மட்டும் என் கையில்தான் இருக்கும்.