ஒரே எஞ்சின், இரண்டு வண்டி: ஜிஎஸ்ஸா, ஆர்டியா?

பிஎம்டபிள்யூவின் ஆர் 1250 ஜிஎஸ், ஆர் 1250 ஆர்டி ஆகிய இரண்டு பைக்கிலும் இருப்பது அதே 1254 சிசி பாக்ஸர் எஞ்சின் (இரண்டு சிலிண்டரும் பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்திருக்கும்), அதே 136 குதிரைசக்தி, அதே ஷாஃப்ட் டிரைவ் (பின்சக்கரத்தைச் சுழற்ற செயினுக்குப் பதில் தண்டு). ஆக, எதற்கு இழுவை அதிகம் என்ற வழக்கமான சண்டைக்கே இங்கே வேலையில்லை. ஜிஎஸ் கரடுமுரடான பாதைக்கும் போகிற அட்வெஞ்சர், ஆர்டி முழு ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் வெளிக்கூடு) போட்ட நெடுந்தூர டூரர், அவ்வளவுதான். இப்போது இரண்டிலும் புது 1300 மாடல் வந்துவிட்டது. ஆனால் பழைய வண்டி தேடுகிறவர்கள் இன்னும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். பெட்டிகளை மாட்டி, மனைவியைப் பின்னால் ஏற்றி இரண்டையும் ஓட்டியதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

நான் நெட்டை இல்லை. ஜிஎஸ்ஸின் வழக்கமான சீட் 850 மில்லிமீட்டர். நிறுத்தினால் முன்பாதம் மட்டும்தான் ஊன்றுகிறது. ஆர்டி 805. சரிவான இடத்தில் பின்னால் ஆள் ஏறும்போதுதான் அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். ஆனால் ஆர்டி 279 கிலோ, ஜிஎஸ்ஸைவிட 30 கிலோ கூடுதல். இறங்கி நின்று தள்ளிப் பாருங்கள், மூச்சு வாங்கும். ஜிஎஸ்ஸின் அகலமான ஹேண்டில்பார் எடையையே மறக்கடித்துவிடுகிறது; நடைவேகத்தில் யூ-டர்ன் அடிக்க அதை விட்டால் ஆளில்லை.

சரி, காற்றுக்கு வருவோம். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். ஜிஎஸ்ஸின் முன்னால் இருக்கும் சின்னக் காற்றுத்தடுப்புக் கண்ணாடி நெஞ்சுக்கு வரும் காற்றைத் தடுக்கிறது. ஆனால் அதன் மேல் விளிம்பைத் தாண்டி வருகிற காற்று எனக்கு நேராக ஹெல்மெட்டின் நெற்றியில் படபடவென்று அடித்தது. காதில் இரைச்சல், சாயங்காலமானால் கழுத்துவலி. ஆர்டியில் ஒரு பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே ஏறுகிறது. முழுக்க ஏற்றிவிடாதீர்கள், முதுகுப் பக்கமிருந்து காற்று தள்ளும். விளிம்புக்கு மேலாகச் சாலை தெரிகிற அளவில் நிறுத்துங்கள், வண்டியில் பேசிக்கொண்டே போகலாம். மழையில் முழங்கால்கூட அதிகம் நனையவில்லை. வெயிலில் அதே ஃபேரிங் கொஞ்சம் புழுங்க வைக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

கரடுமுரடான பாதையில் பேச்சே இல்லை, ஜிஎஸ்தான். முன்சக்கரம் 19 அங்குலம், சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் அமுங்கும். ஆர்டிக்கு 17 அங்குலம், 120 மில்லிமீட்டர். சரளைக்கல்லில் ஜிஎஸ்ஸை எழுந்து நின்று ஓட்டலாம். ஆர்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்க வேண்டியதுதான். ஆனால் மனசாட்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள்: பின்னால் ஆளும் மூன்று பெட்டியும் இருக்கும்போது எத்தனை பேர் சரளையில் இறக்குகிறோம்? ஜிஎஸ் வைத்திருக்கும் என் நண்பர்கள் பாதிப் பேர் வண்டியில் சேறே பட்டதில்லை. (கேட்டால் கோபம் வரும்.)

டேங்க் ஆர்டியில் 25 லிட்டர், ஜிஎஸ்ஸில் 20. பின்சீட் பற்றி மனைவியின் தீர்ப்பு தெளிவு: ஆர்டியில் தூக்கமே வந்துவிட்டதாம்.

என் ஓட்டு ஆர்டிக்கு. தனியாகவே சுற்றுகிறவர், பாதை முடிகிற இடத்துக்கு அப்பாலும் போகிறவர் என்றால் யோசிக்காமல் ஜிஎஸ் எடுங்கள், கூடவே ஒரு உயரமான கண்ணாடியும்.