அப்பாவின் கண்ணாடியைக் கேட்டு வாங்கிய சிஸ்டர்

மார்ச் மாதம் அப்பாவுக்கு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் நடந்தது. வயது 69. அரசுப் பேருந்தில் 30 வருடம் கண்டக்டர். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கே பைபாஸ் செய்துகொண்டாலும் இது பயன்படும்.

ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்கூட்டியே கழுத்து ரத்தக்குழாயை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தார்கள். அங்கே அடைப்பு இருந்தால் பக்கவாத அபாயம் கூடுமாம். 3 கிராஃப்ட், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக 3 மாற்றுக் குழாய்கள். மறுநாள் காலையில் அப்பா பேசிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள், வியாழன் ராத்திரி 11.30க்கு ஐசியுவிலிருந்து போன். ஓடினேன். அப்பா படுக்கையில் பாதி எழுந்து உட்கார்ந்து, இல்லாத டிக்கெட் கட்டிலிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். "வத்தலக்குண்டு ரெண்டு... உள்ள போங்க, உள்ள போங்க." என்னைப் பார்த்து, "எங்கம்மா இறங்கணும்?" என்றார். பெற்ற மகளை.

டூட்டி டாக்டர் உடனே அப்பாவைச் சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார். காலையில் நரம்பியல் டாக்டரும் பார்த்துவிட்டு, பக்கவாதம் இல்லை, டெலிரியம், அதாவது திடீரென்று வரும் மனக்குழப்பம் என்றார். பக்கவாதத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் தளரும், பேச்சு குழறும். இதில் கவனம் சிதறும். ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பார்கள், அடுத்த மணி நேரம் குழம்புவார்கள். பைபாஸ் செய்த 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்குப் பக்கவாதம் வரலாம், டெலிரியம் அதைவிடப் பல மடங்கு பேருக்கு வரும் என்றார். சிலர் சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்திருப்பார்களாம். அசதி என்று வீட்டார் விட்டுவிடுவார்களாம்.

என் கோபம் இதில்தான். ஆபரேஷனுக்கு முன் 40 நிமிடம் உட்கார வைத்துப் பேசினார்கள். தையல், சாப்பாடு, கட்டணம் எல்லாம் வந்தது. இப்படிக் குழப்பம் வரலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. போதாததற்கு அப்பாவின் கண்ணாடியையும் காது மெஷினையும் ஒரு கவரில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். சுவர்க் கடிகாரம் தெரியாது, பேசுவது கேட்காது, ராப்பகலாக லைட் எரியும் அறையில் மனுஷன் என்ன செய்வார்?

அந்த ராத்திரி டூட்டியில் இருந்த சிஸ்டர்தான் கேட்டார்: "அக்கா, ஐயா கண்ணாடி போடுவாரா? காதுக்கு மெஷின் உண்டா? கொண்டாந்து குடுங்க." கையைக் கட்டிவிடலாம் என்று வந்தவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, படுக்கைக்கு மேல் இருந்த லைட்டை அணைத்தார். ஒவ்வொரு முறை வரும்போதும், "ஐயா, இது ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. மக பக்கத்துலதான் இருக்காங்க," என்றார். அலுக்காமல் சொன்னார். சனிக்கிழமை காலையில் அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஆறாச்சு, காபி வரலையா?" என்று கேட்டார். நான் வெளியே வந்து அழுதேன்.

அப்புறம் ஒரு நாள் இதயத் துடிப்பு தாறுமாறானது, மருந்திலேயே சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு இடது கைச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்திருப்பதாகச் சொன்னார். டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. ரிவ்யூவில் கேட்டபோதுதான், நெஞ்செலும்பை விரிக்கும்போது கைக்குப் போகும் நரம்பு இழுபட்டிருக்கலாம், பெரும்பாலோருக்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ சரியாகிவிடும் என்றார்கள். பிசியோதெரபி பெண் பொறுமையாகப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். இப்போது சட்டைப் பொத்தானை அப்பாவே போட்டுக்கொள்கிறார். சுண்டு விரல் நுனி மட்டும் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.