வேகத்தடையா, உயர்த்திய ஜீப்ரா கிராசிங்கா?

நாகர்கோவில் வடசேரியில் காலை எட்டரை மணிக்குச் சாலையைக் கடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அவசரம் புரியும். நம் ஊர்களில் விபத்து நடந்தவுடன் எழும் முதல் கோரிக்கை வேகத்தடைதான். செலவு குறைவு, ஓரிரு நாளில் போட்டுவிடலாம். ஆனால் சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், அதில் வாகனம் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சீராக ஏறி இறங்கும். தெருக்களில் நாம் பார்ப்பதோ குறுகலான, செங்குத்தான மேடு. வண்ணம் அழிந்த பிறகு, மழை இரவில் சைக்கிளில் வருபவரைத் தூக்கி எறிவது அதுதான். ஆட்டோவில் போகும் கர்ப்பிணிக்கும் அது கொடுமை.

உயர்த்திய கிராசிங் நடைபாதையின் மட்டத்திலேயே சாலையைக் கடக்கிறது. முதியவர் இறங்கி ஏற வேண்டாம், சக்கர நாற்காலியும் தடையின்றிப் போகும். வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்பதைச் சாலையே சொல்லிவிடுகிறது. வேகம் 50-லிருந்து 30-ஆகக் குறைந்தால் மோதலின் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

செலவு கூடுதல்தான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஓரத்தில் வடிகால் விடாவிட்டால் தண்ணீர் தேங்கும்.

பள்ளி வாசலிலும் பஸ் நிலையத்திலும் நான் கேட்பது கிராசிங்கைத்தான். உட்தெருக்களுக்கு அளவு தவறாத வேகத்தடை போதும்.