கொழும்பில் வேலை, ஹட்டனில் வாடகை வீடு: ஆறரை ஆண்டுக் கணக்கு

2019 ஜனவரியில் இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகர ஓரத்தில், ஒன்பது பேர்ச் அளவுச் சிறு காணியில் அமைந்த இரண்டு அறை வீடொன்றை வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டேன். 2021இல் அதன் மேல் ஒரு மாடியைக் கட்டி அதையும் வாடகைக்கு விட்டேன். நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், அதுவும் வாடகை வீட்டில். இந்த ஏற்பாட்டைப் பலர் கேலி செய்ததுண்டு. ஆனால் தோட்டத்து லயன் அறையில் பிறந்து வளர்ந்த எங்கள் குடும்பத்தில் அதுவரை எவர் பெயரிலும் ஒரு காணி உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதப்பட்டதில்லை என்பதால், முதல் உறுதி ஊரிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இதை முதலீட்டுக்கான காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும், கணக்கு மட்டுமே என்னை வழிநடத்தியதாக எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வீடு தேடியபோது முதலில் பிடித்துப்போன காணியை வங்கி ஏற்கவில்லை. முன்னர் தோட்டக் காணியாக இருந்து, பின்னர் கைமாறிக் கைமாறி நகரத்தோடு சேர்ந்துகொண்ட துண்டு அது. பெரிய காணிகளை அரசு எடுத்துக்கொண்ட 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அதன் உரிமை எப்படி வந்தது என்பதைக் காட்டும் பத்திரம் இடையில் அறுந்துபோயிருந்தது. விற்பவர் அனுமதிப்பத்திரம் ஒன்றைக் காட்டி, "எல்லாரும் இப்படித்தான் வாங்கியிருக்காங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அப்படி வாங்கியவர்கள் கைக்காசில் வாங்கியவர்கள். மலையகத்தில் கடனில் வாங்க நினைப்பவர் தரகருக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பே, உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடுவித்துவிட வேண்டும். எனக்கு அதற்குச் செலவான சில ஆயிரங்கள் பல இலட்சங்களைக் காப்பாற்றின.

இனி கடன். முதற்கடன் 45 இலட்சம், 15 ஆண்டுத் தவணை, முதல் ஐந்தாண்டுகளுக்கு 13 வீத நிலையான வட்டி. மாதத் தவணை 57,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு, கிடைத்த வாடகையோ 28,000. மீதியைச் சம்பளத்திலிருந்து போட்டேன். கையிலிருந்து கொடுக்க வேண்டிய பங்கின் ஒரு பகுதிக்கு ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வீட்டுத் தேவைக்காக 30 வீதத்தை முன்கூட்டியே பெறும் வசதியைப் பயன்படுத்தினேன். அதற்குரிய பத்தாண்டுச் சேவை எனக்கு இருந்தது.

2021இன் நடுப்பகுதியில், வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களிடம் வாங்கும் முதன்மைக் கடன் வட்டி வீதத்தின் வாராந்த நிறையேற்றிய சராசரி 6 வீதத்துக்கும் கீழே இருந்தது. 13 வீதம் கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அலுவலக நண்பர்கள் சிரித்த காலம் அது. அந்தச் சிரிப்புக்கு ஈடுகொடுக்க நினைத்தோ என்னவோ, மாடி கட்ட எடுத்த 30 இலட்சத்தை மாறும் வட்டியில் எடுத்தேன்: அந்தச் சராசரிக்கு மேல் 2 வீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு, பத்தாண்டுத் தவணை. ஆரம்பத்தில் மாதம் 36,000 ரூபாவும் சில்லறையும் கட்டினேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டின் இறுதியில் அதே சராசரி 27 வீதத்தையும் தாண்டியது. என் தவணை 72,000ஐ அண்மித்தது. இரு கடனுக்கும் சேர்த்து மாதம் 129,000 ரூபா கட்ட வேண்டியிருந்த வேளையில், இரண்டு வீட்டு வாடகையும் ஒழுங்காக வந்தாலும் 50,000தான். ஒழுங்காக வரவும் இல்லை. 2023இன் தொடக்கத்தில் சேமிப்பையும் மனைவியின் நகைகளில் ஒரு பகுதியையும் கரைத்து 10 இலட்சத்தை இரண்டாவது கடனில் கட்டியதால்தான் மூச்சு விட முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் என்னைத் தாங்கியது நண்பர்கள் சிரித்த அந்த 13 வீதம்தான். வாடகை தவணைக்குப் போதாத நிலையில் எவராவது மாறும் வட்டியில் கடன் எடுக்கப்போவதாகச் சொன்னால், வட்டி மூன்று மடங்கானாலும் சம்பளத்தில் தாங்குமா என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். நான் எழுதிப் பார்க்கவில்லை.

வாடகைக்காரர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஹட்டனில் நல்ல குடியிருப்பாளர்கள் பெரும்பாலும் இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தர்கள்: வங்கியில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் பணிபுரிபவர்கள். வாடகையை நாள் தவறாமல் வைப்பிலிடுவார்கள். இடமாற்றம் வந்ததும் போய்விடுவார்கள். ஆகவே ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும் என்று முதலிலேயே கணக்கில் கழித்துவிடுவது நல்லது.

ஒருவர் மட்டும் விதிவிலக்கு. கீழ்வீட்டில் இருந்த சிறு வியாபாரி 2022இல் ஐந்து மாத வாடகையை நிறுத்திவைத்தார். அவர் கஷ்டமும் உண்மையானது என்பதால் கோபம் வரவில்லை. பெற்றோல் வரிசைக் காலம் என்பதால் நான்கு மாதங்கள் நானும் ஹட்டன் பக்கம் போகவே இல்லை. பிறகு சட்டத்தரணியிடம் போனபோதுதான், முத்திரை ஒட்டி நாங்களாகவே எழுதிக்கொண்ட ஓராண்டு உடன்படிக்கை அவ்வளவாகச் செல்லாது என்று தெரிந்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்து, பேசித்தான் அவரை அனுப்பினேன். குத்தகை முடிந்த பின் உடைமையை விரைவாக மீளப் பெறுவதற்கென்று 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதை நம்ப வேண்டிய தேவை எனக்கு இன்னும் வரவில்லை, ஆனால் அதன் பிறகு எல்லா உடன்படிக்கையையும் நொத்தாரிசு மூலமே எழுதுகிறேன். அந்த வியாபாரி போனபோது மூன்று மாத மின்கட்டணம் என் பெயரில் நின்றது. 2023 பெப்ரவரிக் கட்டண உயர்வுக்குப் பிறகு அது சிறு தொகையல்ல. இப்போது மாடிக்குத் தனி மின்மானி. முற்பணமும் இரண்டு மாதத்திலிருந்து மூன்று மாதமாகிவிட்டது.

வருமான வரி பற்றிப் பலர் கேட்கிறார்கள். மாத வாடகை 100,000 ரூபாவைத் தாண்டினால்தான் கொடுப்பவர் 10 வீதத்தைப் பிடித்துக்கொண்டு தர வேண்டும் என்பதால், என் வாடகையில் எவரும் பிடிப்பதில்லை. அதனால் வரி இல்லை என்று ஆகாது. ஆண்டு இறுதியில் சம்பளத்தோடு சேர்த்து நானே காட்டுகிறேன். வாடகை வருமானத்தில் 25 வீதம் நிவாரணமாகக் கழிக்கப்படுகிறது. மலையகத்துக் கூரையைப் பராமரிக்க அந்த 25 வீதம் போதுமா என்பது வேறு விடயம்.

கூரை என்றால் தண்ணீர். ஹட்டனில் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. கொழும்பு வீட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அடிக்கும் சுண்ணாம்பை இங்கே இரண்டாண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் வடக்குப் பக்கச் சுவரில் பூஞ்சணம் ஏறும். ஆனால் உண்மையான பயம் சுவரில் இல்லை, சுவருக்குப் பின்னால் இருக்கும் சரிவில் இருக்கிறது. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபரில் நடந்த மண்சரிவை நினைத்துப் பார்க்காமல் இந்தப் பக்கத்தில் எவரும் வீடு கட்டுவதில்லை. மாடி கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பெற்றபோது, சரிவைத் தாங்கும் பின்புற மண்ணணையில் (மதிலில்) நீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதியிருந்தார்கள். மேசன் பாஸ் குழாய்களை ஒழுங்காகவே வைத்தார். குழாய்களுக்குப் பின்னால் கருங்கல் சல்லி போடாமல் மண்ணையே நிரப்பிவிட்டார். அது தெரியாமல் கொழும்பிலிருந்து புகைப்படத்தைப் பார்த்துக் காசு அனுப்பியவன் நான்.

2023 ஜூலையில் ஒரு காலை மாமா அழைத்தார். "தம்பி, மதிலு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வரல." அவர் அம்மா வழி உறவு, தோட்ட மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். அன்றைக்கே இரண்டு ஆட்களைப் பிடித்துக் குழாய்களைக் குத்தித் திறந்து, மேலே இருந்த வடிகானை வெட்டி மழைநீரைத் திருப்பிவிட்டார். பிறகு அணையின் ஒரு பகுதியை இடித்துச் சல்லி போட்டுக் கட்ட 180,000 ரூபா ஆனது. அவர் இரண்டு நாள் தாமதித்துப் பார்த்திருந்தால் இந்தத் தொகையோடு முடிந்திருக்காது.

முதல் மூன்று ஆண்டுகள் அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. தீபாவளிக்கு வேட்டியும் மாமிக்குச் சேலையும் கொடுத்தால் போதும் என்று இருந்தேன். உறவுக்குள் சம்பளம் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தால் என்ன நடந்தது என்றால், கூரைப் பீலியில் குப்பை அடைத்திருப்பதை அவரிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓசி வேலைக்கு எப்படி உத்தரவு போடுவது? 2022இல் மாதம் 5,000 என்று பேசி முடித்தேன், இப்போது 7,500. வாங்கும்போது அவர் முகம் கோணியது. இரண்டாம் மாதத்திலிருந்து வீட்டைச் சுற்றி வந்த திகதியைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். ஹட்டனுக்குக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம், கினிகத்தேனைப் பக்கம் மண் விழுந்தால் அதற்கு மேல். ஒரு குழாய் பார்க்க ஒரு நாள் லீவும் பயணச் செலவும் போகும் எனக்கு, அந்த 7,500 மிகவும் மலிவு.

இன்றைய நிலை இது. வட்டி இறங்கிவிட்டது. இரு தவணையும் சேர்ந்து 77,500 ரூபா, இரு வாடகையும் சேர்ந்து 62,000. மாமாவின் பணத்தையும் கழித்தால் மாதம் 23,000 ரூபா இன்றும் சம்பளத்திலிருந்துதான் போகிறது. முதல் வீட்டை மறுபடியும் வாங்குவேன். மாடியை இப்போது கட்டுவதாக இருந்தால், கடன் எடுக்காமல் மூன்று ஆண்டுகள் சேமித்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

மாமாவுக்கு எழுபது நெருங்குகிறது. போன மாதம் ஏணியில் ஏறத் தலை சுற்றுகிறது என்றார். மாடியில் இருக்கும் தாதியின் கணவரிடம் பேசி, வாடகையில் 3,000 கழித்துக்கொண்டு மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பீலியையும் அணைத் துளைகளையும் பார்ப்பதாக ஏற்பாடு செய்திருக்கிறேன். கொப்பியில் திகதி எழுதும் வேலை மட்டும் மாமாவிடமே இருக்கட்டும் என்று அவர்கள் இருவருமே சொல்லிவிட்டார்கள்.