சீந்தில் சர்க்கரை என்று சொல்லி மாவைக் கட்டிவிட்டார்கள்

போன மாதம் ஒரு மூலிகைக் கண்காட்சியில் அப்பாவுக்காகச் சீந்தில் சர்க்கரை வாங்கினேன். கால் கிலோ 300 ரூபாய். பெயரில்தான் சர்க்கரை, இனிக்காது. பச்சைச் சீந்தில் கொடியை இடித்து, தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, அடியில் படிகிற மாவைக் காயவைத்து எடுப்பது. காய்ச்சலுக்கும் மதுமேகம் என்கிற சர்க்கரை நோய்க்கும் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுப்பதுதான்.

"இதைச் சாப்பிட ஆரம்பிச்சா சுகர் மாத்திரையை விட்டுடலாம் ஐயா" என்றார் கடைக்காரர். நான் காதில் வாங்கவில்லை, அப்பா வாங்கிக்கொண்டார். எனக்குத் தெரியாமல் 3 வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் 140க்குப் பக்கத்தில் இருந்த சர்க்கரை 286க்குப் போய்விட்டது. டாக்டரிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

அப்புறம்தான் பொட்டலத்தையே சரியாகப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர், உரிம எண், தேதி எதுவும் இல்லை. உள்ளே பளீர் வெள்ளை. நாக்கில் வைத்தால் துளிக் கசப்பு இல்லை. எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஏறியிருந்த சீந்திலை ஒரு கிலோ வெட்டி நாங்களே செய்து பார்த்தோம். இரண்டு நாள் வேலை, ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. நிறம் மங்கல், லேசான கசப்பு. கால் கிலோவுக்கு எவ்வளவு கொடி வேண்டும்! 300 ரூபாய் ஆள் கூலிக்கே காணாது. இந்தக் கணக்கை வாங்கும்போதே போட்டிருக்க வேண்டும். அயோடின் சொட்டிப் பார்க்கலாம் என்றான் தம்பி. அசலும் மாவுச்சத்துதானே, இரண்டுமே நீலமாகும்.

கொடியாக வாங்குகிறவர்களும் பார்த்து வாங்குங்கள். சீந்தில் போலவே இருக்கும் இன்னொரு கொடி கெடுதல் செய்யலாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2022இல் சொல்லியிருக்கிறது. அதன் தண்டு சாம்பல் நிறம், உடம்பெல்லாம் முண்டு முண்டாக இருக்கும், வெட்டினால் பால் வரும். நல்ல சீந்தில் தண்டு பச்சை, முண்டு கிடையாது, பாலும் வராது. அசல் சீந்திலே சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடைக்காரர் கொடுத்த நம்பர் ஒரு வாரமாக ஸ்விட்ச் ஆஃப். மிச்ச மாவை அம்மா தண்ணீரில் கொதிக்கவிட்டார். அருமையான பசை. பையனின் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை ஒட்டியாகிவிட்டது.