களிமண்ணா, கணினியா? மண்டையோட்டிலிருந்து முகம்

மண்டையோட்டை வைத்து முகத்தை மீட்டெடுக்க இரண்டு வழிகள் உண்டு. அடிப்படை ஒன்றுதான்: எலும்பின் மேல் எந்த இடத்தில் எவ்வளவு சதை இருந்திருக்கும் என்ற கணக்கு.

களிமண் முறையில், மண்டையோட்டின் வார்ப்பில் சிறு முளைகளை ஒட்டுகிறார்கள். நெற்றியில் முளை சில மில்லிமீட்டர்தான். கன்னத்தில் நன்றாக நீளும். அந்த உயரம் வரை தசை தசையாகக் களிமண் ஏறும். தாடையைத் தவறாகப் பொருத்திவிட்டால், பிரித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கணினிக்கு சிடி ஸ்கேன் போதும். நொறுங்கும் நிலையில் இருக்கும் எலும்புகளுக்கு இது பெரிய வரம். தொடுவுணர்வு தரும் பேனாவால் திரையில் தசையை வைக்கும்போது, எலும்பில் முட்டுவது கையிலேயே தெரியும். முடி, வயது, எடை எதையும் மாற்றிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2012-ல் கிடைத்த அந்நாட்டு மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளிலிருந்து முகம் வந்தது இப்படித்தான். அப்புறம்தான் அது முப்பரிமாண அச்சில் உருவானது.

துல்லியமா? காதும் உதடும் இரண்டு முறையிலும் பெரும்பாலும் ஊகமே. ஆனால் பெயர் தெரியாத ஒருவரின் குடும்பத்தைத் தேடுவதென்றால் நான் கணினியைத்தான் கேட்பேன். புதுத் தகவல் வந்ததும் முகத்தைத் திருத்தி உடனே மறுபடி வெளியிடலாம்.